இரணைதீவாரின் கடலும் கோயிலும்

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியில், முழங்காவிலுக்கு அருகே மேற்கே திரும்பினால் பாதை கடலில் போய் முடியும். அந்தக் கரைக்கு இரணைமாதா நகர் என்று பெயர். அங்கே இழுத்து வைத்திருக்கும் படகுகள் பலவற்றின் முன்னணியத்தில் அந்தோனியார், செபஸ்தியார், மாதா என்று பெயர் எழுதியிருக்கும். எஞ்சின் படகில் ஒரு மணி நேரமளவு ஓடினால், பெரியதீவு, சின்னதீவு என்று இரண்டு துண்டாகக் கிடக்கும் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. ஊர்ச்சனம் கத்தோலிக்கர். தொழில் கடல்.

மேல்நாட்டுத் தேவாலயங்கள் சிலவற்றில் மீன்பிடிக் கழகம் என்று ஒன்று உண்டு. ஓய்வு நாளில் தூண்டிலோடு ஏரிக்கோ ஆற்றுக்கோ கூடிப் போவார்கள். பிடித்ததைச் சுட்டுக் கூடி உண்பார்கள், செபம் சொல்லித் திரும்புவார்கள். பிழைப்பு வேறாகவும் மீன்பிடி பொழுதுபோக்காகவும் உள்ளவர்களின் ஒன்றுகூடல் அது. இரணைதீவில் அப்படியொரு கழகத்தை யாரும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஊரே பங்கு, பங்கே கடற்றொழிலாளர் சங்கம். யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இராயப்பர் மீன்பிடிக்கப் புறப்பட, வேறு ஆறு பேர் அவரோடு படகேறுவார்கள். இரவெல்லாம் ஒன்றும் படாது. விடிந்தபின் வலையில் 153 மீன், கரையில் கரிநெருப்பில் காலை உணவு. அதை வாசிக்கும் ஞாயிறுகளில் தீவுச்சனத்துக்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

1992க்கு முந்திய தீவில் செபமாலை மாதா கோயில் இருந்தது, பாடசாலை இருந்தது, நன்னீர்க் கிணறுகள் இருந்தன, தென்னை நின்றது, ஆடு மாடு மேய்ந்தது. அன்றைய படகுகள் பாய் விரித்து ஓடியவை. 1960களுக்குப் பிறகு வடபகுதிக் கரைகளுக்கு எஞ்சினும் நைலோன் வலையும் வரத் தொடங்கின. வந்த பின்பும் தொழில் காற்றைக் கேட்டுத்தான் நடந்தது. சோளகம் எழுந்தால் ஒரு பக்கத்துக் கடல், வாடை எழுந்தால் மறு பக்கத்துக் கடல். கடலடியில் எந்தப் பாரில் எந்த மாதம் விளைமீன் நிற்கும், எந்தக் கடல்தாழையில் ஓரா மேயும் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. வலை பட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் பிடிப்பார்கள். ஒன்று பனங்கூடல் என்றால் மற்றது பெரும்பாலும் கோயில் முகடு. கடலில் நிற்கிறவனுக்கும் கோயில்தான் திசை சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை எந்தத் திணைக்களமும் விதிக்கவில்லை, பூசை மணியே போதுமாக இருந்தது. பூசை முடிந்ததும் ஆண்கள் கோயில் வளவில் நிழல் பார்த்து இருப்பார்கள். யாருடைய வலை கிழிந்தது, யாருடைய வள்ளத்துக்குக் கலப்பற்று அடிக்க வேண்டும், யார் வீட்டில் சுகமில்லாமல் தொழிலுக்குப் போகவில்லை என்பதெல்லாம் அந்த நிழலில் பேசித் தீர்ந்தன. மூப்பர் கேட்பார், சுவாமி இருந்தால் அவரும் கேட்பார். திருநாள் வருகிறதென்றால் ஒரு நாள் மீன் கோயிலுக்கென்று ஒதுங்கும். புதிய வள்ளம் இறங்குகிறதென்றால் சுவாமி வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் அதில் வலை ஏறும்.

கூடி உண்பதற்கு அந்தக் கரைகளில் உரிய சாப்பாடு ஒடியல் கூழ். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முதலில், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துக் கசப்பைப் போக்குவார்கள். பெரிய பானையில் ஒரு கை அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு போட்டு அவியவிடுவார்கள். பிறகு கடல் இறங்கும். நண்டைக் காலோடு உடைத்துப் போடுவார்கள், இறால் போடுவார்கள், மீன்தலைகள் போடுவார்கள். அன்றைக்கு எந்தப் படகு எதைக் கொண்டுவந்ததோ அதுவே கூழின் ருசியைத் தீர்மானிக்கும். செத்தல் மிளகாயும் உப்பும் அரைத்த கூட்டு, கரைத்த புளி, கடைசியில் மா. மா விழுந்தபின் அகப்பை நிற்கக்கூடாது. கூழ் தடித்ததும் முருங்கை இலையைத் தூவி இறக்குவார்கள். பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்து, ஆற ஆற ஊதிக் குடிக்க வேண்டும். நிறையப் பிடித்தவனும் வெறுங்கையோடு வந்தவனும் ஒரே பானையில் குடிப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு அந்தப் பானையில் இருந்ததில்லை. நான் அறிந்த ஐக்கிய விருந்துகளில் இதைவிட நேரானது வேறில்லை.

பெண்களுக்கும் கடலில் தனிப் பங்கு இருந்தது. இரணைதீவைச் சுற்றிய கடல் ஆழமில்லாதது. கடல்நீர் இறங்கும் வற்று நேரத்தில் பெண்கள் கூட்டமாக இறங்கி, முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து, கடலட்டையும் சங்கும் நண்டும் பொறுக்குவார்கள். படகு வேண்டாம், வலை வேண்டாம், எஞ்சின் வேண்டாம். கால் அறிந்த தொழில் அது. பொறுக்கிய அட்டையை அவித்துக் காயவைத்தால் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கீழைநாடுகளுக்குக் கப்பலேறும். வற்று இருக்கும் வரை பேச்சும் இருக்கும், பாட்டும் இருக்கும், சில நேரம் செபமாலையும் இருக்கும். ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பெண் கையால் வந்த பகுதி கண்ணுக்குத் தெரியும்படி இருந்த ஊர்களில் இரணைதீவு ஒன்று.

1992இல் போர் அவர்களைத் தீவிலிருந்து எழுப்பியது. முழங்காவில் பக்கத்துக் கரைக்கு வந்து குடியேறினார்கள். புதிய குடியிருப்புக்கும் மாதாவின் பெயரையே வைத்தார்கள். தீவைக் கடற்படை எடுத்துக்கொண்டது. எதிர்க்கரையில் இருந்தபடி தங்கள் தீவின் திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போர்க்காலத்தில் கடலுக்கு நேரவரம்பு, தூரவரம்பு, எஞ்சின் வலுவுக்கும் வரம்பு. போர் 2009இல் முடிந்த பிறகும் சில காலம் பாஸ் காட்டித்தான் கடலில் இறங்க வேண்டியிருந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து, பூநகரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மீன் கொண்டுபோகும் வழி சுருங்கியது. தரைவழி திறந்தது, தீவின் வழி திறக்கவில்லை. வீட்டுக்கு அருகே வலை வீசலாம், வீட்டில் தங்க முடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2017 மே 1ஆம் திகதி, தீவைத் திருப்பித் தரக் கேட்டு இரணைமாதா நகரில் பந்தல் போட்டு இருந்தார்கள். முன்னுக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், வற்றில் நடந்து பழகிய அதே பெண்கள். மனுக் கொடுத்தார்கள், கொழும்புவரை போய்க் கேட்டார்கள், ஏறத்தாழ ஓராண்டு இருந்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி நாற்பதளவு படகுகளில் ஏறினார்கள். பெண்கள், முதியவர்கள், குருமார், செய்தியாளர்கள் எல்லாரும் ஏறினார்கள். படகுகளில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. தீவில் இறங்கியதும் முதலில் போனது கோயிலுக்கு. சிதைந்து கிடந்த கோயிலில் செபித்தார்கள். இது எங்கள் மண் என்று சொல்லி அன்றிரவே அங்கே தங்கினார்கள். அடுத்த மாதமே அரசாங்கம் மீள்குடியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் சனங்கள் தாங்களே போய் எடுத்துக்கொண்ட ஊர்கள் அதிகமில்லை. இவர்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கூடிப் படகேறுவது இவர்களுக்குப் புதிதல்ல என்பதே என்று நான் நம்புகிறேன்.

இன்று தீவுக்குப் போகும் படகுகள் கண்ணாடியிழைப் படகுகள். மரவள்ளத்துக்கு ஆண்டுதோறும் வேண்டியிருந்த கலப்பற்றும் எண்ணெயும் இவற்றுக்கு வேண்டாம். பாய் இழுக்கப் பல கை வேண்டியிருந்த இடத்தில் எஞ்சின் பிடிக்க ஒருவர், வலை வளைக்க ஒருவர் போதும். கைத்தொலைபேசியில் காற்று எச்சரிக்கை வருகிறது. வலை விட்ட இடத்தை ஜி.பி.எஸ். கருவி காட்டுகிறது. ஐஸ் பெட்டி இருப்பதால் மீனைக் கருவாடாக்கித்தான் காப்பாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாவற்றிலும் கூடுதலாக மாறியது நண்டின் கதை. அன்று நண்டு கூழ்ப்பானைக்கும் வீட்டுக் கறிக்கும் உரியது. இன்று நீல நண்டு தொழிற்சாலைக்குப் போய், அவித்துச் சதை பிரித்து, டின்னில் அடைபட்டு அமெரிக்காவரை போகிறது. கரையில் நிறுக்கும் தராசிலேயே பெரியது வேறு, சிறியது வேறு என்று விலை பிரிந்துவிடுகிறது. காசு கையில் வருகிறது. அதை ஒருபோதும் சிறிதாகச் சொல்லக்கூடாது. நகை அடகு வைத்து வலை வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தக் காசுக்குள் எண்ணெய்க் காசு இருக்கிறது. பாய்க்காலத்தில் காற்றுக்குக் கட்டணம் இல்லை. சிறு படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அதற்கு முந்திய மாதங்களில் காசு இருந்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை, வரிசை மட்டும் இருந்தது. அந்த ஆண்டு கரையோரம் முழுக்கப் படகுகள் மணலில் கிடந்தன. எஞ்சின் வந்தபோது பாயைக் கழற்றி வைத்தவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பாய் தைக்கத் தெரிந்த கைகள் அருகிவிட்டன.

கடலும் அன்றைய கடல் அல்ல. பாக்கு நீரிணையின் மறுகரையிலிருந்து வரும் இழுவைப்படகுகளை இங்கே றோலர் என்பார்கள். வாரத்தில் மூன்று இரவுகள் அவை வருவது வழக்கம். அந்த இரவுகளில் இந்தப் பக்கத்துச் சிறுதொழிலாளர் வலை விடப் பயப்படுவார்கள். விட்ட வலை விடியும்போது இருக்காது, இருந்தால் நூலாக இருக்கும். அடித்தளத்தை வாரி இழுக்கும் அந்த முறையை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. தடை தாளில் வந்த அளவுக்குக் கடலில் வரவில்லை. மறுகரையில் படகேறுகிறவரும் கூலிக்கு ஏறும் தமிழர்தான், அவர்களிலும் பலர் அந்தோனியாரைக் கும்பிட்டே புறப்படுகிறார்கள். இது இந்தக் கடலின் ஆறாத புண். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாமலிருப்பது அன்று விருப்பம். இன்று வேறு மூன்று இரவுகள் போகாமலிருப்பது கட்டாயம்.

பெண்கள் நடந்த வற்றிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2021க்குப் பிறகு பூநகரிக் கரையோரம் வேகமாகப் பரவிய கடலட்டைப் பண்ணைகள், ஆழமில்லாத கடலை வலைவேலியால் துண்டு துண்டாகப் பிரித்தன. அன்று யார் காலுக்கும் திறந்திருந்த கடல், அனுமதிப்பத்திரம் உள்ளவரின் கடலாகத் தொடங்கியது. வேலிகள் இறாலும் மீனும் வந்துபோகும் நீரோட்டத்தை மறிக்கின்றன என்று சிறுதொழிலாளர் போராடினார்கள். பண்ணையில் வேலை கிடைத்தவர்களும் உண்டு, முதலிட்டு உயர்ந்தவர்களும் உண்டு. எனினும், அட்டை பொறுக்கித் தன் கையில் காசு கண்ட பெண், வேலிக்கு வெளியே நின்று கூலிக்குக் கேட்கும் நிலையை வளர்ச்சி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

2021 மார்ச் தொடக்கத்தில் இன்னொரு சோதனை வந்தது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களின் உடல்களைப் புதைக்க அரசாங்கம் தெரிவுசெய்த இடம் இரணைதீவு. திரும்பிவந்து மூன்று ஆண்டு ஆகாத சனம், குருமாரோடு மீண்டும் கரையில் நின்றது. தங்களிடம் கேட்காமல் எடுத்த முடிவை முஸ்லிம் மக்களும் எதிர்த்தார்கள். அடக்கங்கள் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் நடந்தன.

தீவு கிடைத்தது, ஊர் முழுதாகக் கிடைக்கவில்லை. இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு என்று நினைக்கிறேன். அன்று குடும்பம் தீவில் இருந்தது, ஆண் கடலுக்குப் போய்க் குடும்பத்திடம் திரும்பினான். இன்று பிள்ளைகளின் படிப்பும் வைத்தியமும் சந்தையும் பெருநிலத்தில். ஆகவே குடும்பம் இரண்டு கரையில் வாழ்கிறது. தொழிலுக்கென்று சில நாள் தீவில் தங்குவார்கள், பிறகு இரணைமாதா நகருக்குத் திரும்புவார்கள். தங்கும் குடிசைகளில் சமையல் நடக்கிறது, பேச்சு நடக்கிறது, மாலையில் செபமும் நடக்கிறது. ஆனால் பாடசாலை விட்டு ஓடிவந்து படகை இழுக்கக் கைகொடுக்கும் பிள்ளைக் கூட்டம் அங்கே இல்லை. அன்று ஒவ்வொரு நாளும் தானாகக் கிடைத்த சேர்க்கை, இன்று நாள் குறித்துச் சேர வேண்டியதாகிவிட்டது.

வன்னியின் கிழக்குக் கரையிலும் இதே மாற்றம் வேறு உருவில் நடந்திருக்கிறது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்க ஒரு காலத்தில் முப்பது நாற்பது பேர் இரண்டு வரிசையாகக் கயிற்றில் நின்றார்கள். அம்பாப் பாட்டுக்குக் கால் மாற்றி மாற்றி இழுத்தார்கள். மடி கரை சேர்ந்ததும் சம்மாட்டிக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிந்தது. பின்னர் சில இடங்களில் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது, அதை எதிர்த்தும் ஆதரித்தும் கரையில் வாக்குவாதம் எழுந்தது. தோள் காய்ப்பது நின்றது நன்மைதான். ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை, நாற்பது பேரும் வேண்டியதில்லை. அந்தக் கரை 2004 டிசம்பர் 26இல் சுனாமியையும் 2009இல் போரின் முடிவையும் கண்டது. பாட்டறிந்த தொண்டைகளில் எத்தனை மிஞ்சின என்று அங்கே கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

நாள் குறித்துச் சேர்வதில் இந்தக் கடலுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. இரணைதீவுக்கு வடக்கே, குடியிருப்பில்லாத பாலைதீவில் அந்தோனியார் கோயில் இருக்கிறது. தவக்காலத்தில் அங்கே திருநாள். யாழ்ப்பாணக் கரைகளிலிருந்தும் தீவகத்திலிருந்தும் பூநகரிப் பக்கமிருந்தும் படகுகள் வரும். அன்று பாய் பார்த்து, காற்றுக்குக் காத்து, முதல்நாளே புறப்பட்ட பயணம். தண்ணீர், விறகு, அரிசி, சட்டி, பாய் எல்லாம் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டியோடு ஏறுவார்கள். இன்று எஞ்சின் படகில் சீக்கிரம் போய்விடலாம். உயிர்காப்பு அங்கி போடச் சொல்கிறார்கள், கடற்படைப் படகு காவல் நிற்கிறது. போர்க்காலத்தில் இந்தப் பயணத்தைப் பல ஆண்டுகள் நினைக்கவே முடியாதிருந்தது. அதை நினைத்தால் அங்கி சுமையல்ல.

போய்ச் சேர்ந்தபின் நடப்பது அவ்வளவாக மாறவில்லை. மாலையில் சிலுவைப்பாதை, பிறகு நற்கருணை ஆராதனை, காலையில் திருநாள் பூசை. இடையில் ஓர் இரவு. மரத்தடியிலும் மணலிலும் பாய் விரித்து, கல் மூட்டி அடுப்பெரித்து இருக்கிறார்கள். தவக்காலமாதலால் இறைச்சி இல்லை, மீன் உண்டு. வேறு வேறு ஊர்த் தொழிலாளர் ஓர் இடத்தில் சேர்வதால், எந்தக் கரையில் எந்த வலைக்கு என்ன படுகிறது, நண்டுக்கு எங்கே என்ன விலை, றோலர் இந்த மாதம் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்ற செய்திகள் பானைக்குப் பானை நடக்கின்றன. கடற்றொழிலாளர் சமாசக் கூட்டத்தில் பேசித் தீராதது சில நேரம் அங்கே தீர்கிறது. பெண் கேட்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும்கூட அங்கே நடப்பதுண்டு.

தீவில் மறுபடி நாள்தோறும் சேர்ந்து வாழ, இரணைதீவுக் கடற்றொழிலாளர் சங்கம் வருடக்கணக்காகக் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல: பிள்ளைகள் தீவிலிருந்தே படிக்கப் பாடசாலை, நோய்க்கு ஒரு மருந்தகம், ஒழுங்கான படகுச் சேவை, காற்றுக்காலத்தில் படகு கட்ட நல்ல இறங்குதுறை. பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளும் படகேறுகிறார்கள். தகப்பன்மார் அவர்களுக்குப் பார்களின் பெயர் சொல்கிறார்கள், பனையையும் கோயிலையும் நேரில் பிடிக்கக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி குத்துகிறார்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் வலை இறங்குகிறது.